ஓய்வு பெற்ற பிறகு நாட்களுக்கு அர்த்தம் தேடுவது: எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

நான் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எனக்குப் பின்னால் ஓய்வு பெற்ற பலர் என்னிடம் வந்து உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். "பொழுதே போகவில்லை" என்றுதான் பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்து, "நான் இல்லாவிட்டாலும் எதுவும் நின்றுவிடாது போலிருக்கிறது" என்ற இடத்தில் வந்து நிற்கும். அந்த இரண்டாவது வாக்கியம்தான் உண்மையான வலி. பொழுதைப் போக்க மட்டும் என்றால் டிவியே போதும்.

இப்படித் தடுமாறுகிறவர்களிடம் திறமையோ ஆர்வமோ குறைவாக இருந்து நான் பார்த்ததில்லை. வரிசைதான் மாறிப்போகிறது. "இனி என் வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்ற பெரிய கேள்வியை முதல் நாளே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்த இடத்தில் அதற்குப் பதில் கிடைப்பதில்லை. சின்னச் சின்னதாக எதையாவது செய்துகொண்டே போகும்போது அது தானாக வந்து சேர்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

தொடங்கும் முன் முடித்து வைக்க வேண்டியவை

ஒரு வருடத்துக்கான வரவு செலவை எழுதி முடியுங்கள். பணக் கவலை பல சமயம் வேறு வேஷத்தில் வரும். "சும்மா இருக்க முடியவில்லை, ஏதாவது செய்ய வேண்டும்" என்று துடித்த ஒருவரிடம் பேசிப் பார்த்தபோது, சேமிப்பு எத்தனை வருடம் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் அடியில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து, சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால், வேலை தேடுவதுதான் முதல் படி. அதை நோக்கம் தேடுவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

கண்ணையும் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். காது கொஞ்சம் மந்தமானால் நாலு பேர் பேசும் இடத்தில் பேச்சைப் பிடிக்க முடியாது. அதனால் மெல்ல ஒதுங்குவோம், "எனக்குக் கூட்டம் பிடிப்பதில்லை" என்று நம்மை நாமே நம்பவைப்போம். பின்னால் வரும் படிகளில் பாதி, மனிதர்களோடு பழகுவதில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு, ஒரு பேனா. போனில் எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னவர்களில் பலர் எழுதியதைத் திரும்பப் படிக்கவே இல்லை.

1. முதல் மூன்று மாதம் எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்

ஓய்வு பெற்ற உடனே கேட்டு வருவார்கள். சங்கத்துக்குச் செயலாளராக இருங்கள், கூட்டாகத் தொழில் செய்யலாம், நம் கணக்கையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. கேட்கவே இதமாக இருக்கும், ஏனென்றால் நம்மை இன்னும் வேண்டுகிறார்கள். அந்த இதத்துக்காகவே ஒப்புக்கொண்டு, ஆறு மாதத்தில் வெளியே வர வழி தெரியாமல் நிற்பவர்கள் உண்டு.

நானும் அப்படித்தான் மாட்டினேன். இரண்டாவது வாரமே ஓர் அமைப்பில் நிர்வாகப் பொறுப்பை ஏற்றேன். நான்கே மாதத்தில் என் பழைய ஆபீஸை அப்படியே அங்கே கட்டி எழுப்பியிருந்தேன்: அதே கோப்புகள், அதே கோபம், இரவில் அதே தூக்கமின்மை. எதிலிருந்து ஓய்வு பெற்றேனோ அதையே சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தேன்.

ஓய்வுக்காலத்தின் கட்டங்களை 1970களில் வகுத்துச் சொன்ன சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, தொடக்கத்தில் ஒரு தேன்நிலவுக் காலத்தையும் அடுத்து ஒரு சலிப்புக் காலத்தையும் குறிப்பிடுகிறார். எல்லோருக்கும் இது இதே வரிசையில் வருவதில்லை. ஆனாலும் தேன்நிலவில் எடுக்கும் முடிவும் சலிப்பில் எடுக்கும் முடிவும் ஒரே மாதிரி இருக்காது என்பது நிச்சயம். வீட்டை விற்பது, வேறு ஊருக்குப் போவது, பெரிய தொகையை எதிலாவது போடுவது எல்லாமே இந்த மூன்று மாதத்துக்கு அப்பால் போகட்டும்.

கேட்பவரிடம் "மூன்று மாதம் கழித்துச் சொல்கிறேன்" என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதியை நோட்டிலும் எழுதுங்கள். முடியும் தேதி இல்லாத ஓய்வு மெல்ல மெல்ல சோம்பலாகிவிடும். இந்த மாதங்களில் தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள். மற்றதெல்லாம் தளர்வாக இருக்கலாம்.

2. வேலை உங்களுக்கு என்னவெல்லாம் தந்தது என்று எழுதுங்கள்

சம்பளத்தை மட்டுமே இழந்ததாக நினைப்பதால்தான் பலருக்குத் தங்கள் மனச்சோர்வு புரிவதில்லை. வேலையின்மையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் மேரி யஹோடா, வேலை சம்பளத்தோடு சேர்த்து சத்தமில்லாமல் ஐந்து விஷயங்களைத் தருகிறது என்று விளக்கினார்: நாளுக்கு ஒரு கால ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலர் சேர்ந்து செய்யும் காரியத்தில் பங்கு, சமூகத்தில் ஓர் அடையாளம், தொடர்ந்த செயல்பாடு. ஓய்வு பெற்ற நாளில் இந்த ஐந்தும் ஒன்றாகப் போகின்றன.

நோட்டில் ஒரு பக்கத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கீழே உங்கள் வேலையில் அது எந்த வடிவில் இருந்தது என்று எழுதுங்கள். "மனிதத் தொடர்பு" என்று பொதுவாக எழுதாதீர்கள். "மதியம் மாடிப்படியில் நின்று பேசிய பத்து நிமிடம்" என்று எழுதுங்கள். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மனம் தேடிக்கொண்டிருக்கும்.

எழுதி முடித்ததும், பெயர்ச்சொற்களை அடித்துவிட்டு வினைச்சொற்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். "மேலாளர்", "ஆசிரியர்", "பொறியாளர்" என்பவை போய்விட்ட பதவிகள். "புரியவைத்தேன்", "சரிபார்த்தேன்", "சமாதானம் செய்தேன்", "திட்டமிட்டேன்" என்பவை இன்னும் உங்களிடமே இருக்கின்றன.

எனக்குத் தெரிந்த ஒருவர் முப்பது ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பில் இருந்தவர். "இனி மெஷின் பக்கமே போகமாட்டேன்" என்று உறுதியாகச் சொன்னார். பட்டியல் எழுதச் சொன்னேன். முதல் பக்கம் முழுக்க இயந்திரங்களின் பெயர்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதி, இரண்டாவதின் கீழே கோடு போட்டிருந்தார்: "சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பேன்." அவர் தவறவிட்டது இயந்திரத்தை அல்ல, கண்டுபிடிக்கும் அந்த நொடியை. இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலிகளையும் நடைச்சட்டங்களையும் பழுது பார்க்கிறார். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, விரலால் சுழற்றிவிட்டு, காதை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

3. வாரத்துக்கு இரண்டு மூன்று கம்பம் நடுங்கள்

வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 48 வாரம் வேலை செய்தவருக்குத் திடீரென்று 1,920 மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. போய் வரும் நேரம் தனி. இவ்வளவையும் நிரப்ப வேண்டும் என்று அரைமணிக்கு அரைமணி அட்டவணை போடுகிறார்கள். இரண்டாவது வாரமே அது கலைகிறது. கலைந்ததும் "என்னால் முடியாது" என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

பந்தலுக்குக் கம்பம் நடுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நேரங்கள் மட்டும் அசையாமல் நிற்க வேண்டும். மிச்சம் அதைப் பற்றிக்கொண்டு படரும். முதல் கம்பமாக நடைப்பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அதே அளவுதான். ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரம் ஐந்து நாள். காலையில் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதால் நாள் தொடங்கிவிட்டது என்று உடம்புக்கும் தெரிகிறது.

ஒரு மாதத்தில் பழகிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் விழுந்த எண் 66. ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே, தவறிய நாளுக்காக மறுநாளையும் விட்டுவிடாதீர்கள்.

4. வீட்டில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். நாம் வேலைக்குப் போயிருந்த இத்தனை ஆண்டுகளில் வீட்டில் இருந்தவருக்கு ஒரு நாள் ஒழுங்கு இருந்தது. பகல் பதினொரு மணி அவருடைய நேரம். இப்போது அந்த நேரத்தில் நாம் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஓய்வு பெற்ற முதல் மாதம் சமையலறை அலமாரியை நான் ஒழுங்குபடுத்தினேன். எல்லா டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டி, உயர வரிசையில் அடுக்கினேன். உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். மாலையில் என் மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தார். இருபத்தைந்து வருடமாக இருட்டிலும் கை நீட்டி எடுத்த டப்பாக்கள் அவை. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, வேலை போனதும் என் மேலாண்மையைக் காட்ட வேறு இடம் இல்லாமல் அவருடைய வேலைக்குள் நுழைந்துவிட்டேன் என்று.

பேச வேண்டியவை இவை: பகலில் யாருக்கு எந்த அறை, எந்த நேரம். எந்த வேலைகளை நீங்கள் முழுதாக எடுத்துக்கொள்கிறீர்கள், முழுதாக என்றால் நினைவுபடுத்த வேண்டிய அவசியமே இல்லாதபடி. எதையெல்லாம் சேர்ந்து செய்வது, எதையெல்லாம் தனித்தனியாகச் செய்வது. இருவரும் ஒன்றாகவே எங்கும் போக வேண்டும் என்பதில்லை. வெளியே போய் வந்தவரிடம் சொல்ல ஏதாவது இருக்கும், வீட்டில் இருந்தவருக்குக் கேட்க ஆசை இருக்கும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அதற்கும் நாளும் நேரமும் பேசி வையுங்கள். "எப்போது வேண்டுமானாலும்" என்று சொல்லிவிட்டால் உங்கள் கம்பங்கள் ஒன்றும் நிற்காது. பிள்ளைகளிடம் இதைச் சொல்வது பாசக்குறைவு ஆகாது. தெளிவாகச் சொன்னால் அவர்களுக்கும் திட்டமிட எளிது.

தனியாக வாழ்பவர்கள் இந்தப் படியை விட்டுவிட்டு ஆறாவது, ஏழாவது படிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

5. ஆறு வாரச் சோதனைகள் மூன்று செய்யுங்கள்

மூன்று மாதம் முடிந்துவிட்டது, வினைச்சொல் பட்டியல் கையில் இருக்கிறது. இனிதான் புதியதைத் தொட வேண்டும். மூன்று சோதனைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று தனியாகச் செய்வது, ஒன்று பிறரோடு சேர்ந்து செய்வது, ஒன்று பிறருக்காகச் செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு முறை செய்து பிடிக்கவில்லை என்று விட்டால், பிடிக்காதது அந்தச் செயலா, கற்றுக்குட்டியாக நிற்கும் கூச்சமா என்று தெரியாது. கூச்சம் மூன்று நான்கு வாரத்தில் குறையும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் சந்தேகமில்லாமல் விட்டுவிடலாம்.

ஆறு வாரம் முடியும் வரை எதையும் வாங்காதீர்கள். கேமரா, இசைக்கருவி, சைக்கிள், எதுவாக இருந்தாலும் இரவல் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். பெரிய தொகை கொடுத்து வாங்கிய பொருள் மூலையில் கிடந்து குற்றவுணர்வைத் தருவதைப் பல வீடுகளில் பார்த்தேன். அந்தக் குற்றவுணர்வு அடுத்த முயற்சியையும் தடுத்துவிடுகிறது.

ஒவ்வொரு முறையும் முடித்த பிறகு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். "பிடித்ததா?" என்று எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். நேரம் போனது தெரியாமல் இருந்தீர்களா? மறுநாள் காலையில் தானாக அதன் நினைவு வந்ததா? யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்ததா? என் அனுபவத்தில் இரண்டாவது கேள்விதான் ஏமாற்றாது. செய்யும்போது இன்பமாக இருப்பவை நிறைய உண்டு. மறுநாள் காலையில் மனம் தானாகத் திரும்பிப் போவது சிலவற்றுக்குத்தான்.

6. உங்களுக்காக யாராவது காத்திருக்கும் ஓர் இடத்தைப் பிடியுங்கள்

இத்தனை படிகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். படிப்பது, செடி வளர்ப்பது, பயணம் எல்லாமே நல்லவைதான். ஆனால் "நான் இல்லாவிட்டாலும் எதுவும் நின்றுவிடாது" என்ற அந்த வலியை அவை தொடுவதில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு நீங்கள் வரவில்லை என்றால் ஒருவராவது வாசலைப் பார்க்க வேண்டும். அது ஒரு சிறுமியாக இருக்கலாம், கணக்குப் புரியாத கடைக்காரராக இருக்கலாம், செய்தித்தாள் வாசிக்கக் கேட்கும் பார்வையற்றவராக இருக்கலாம்.

போய்க் கேட்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தங்கள் பதவியையும் அனுபவத்தையும் சொல்லி, "நான் ஆலோசனை சொல்கிறேன்" என்று தொடங்குகிறார்கள். எந்தப் பள்ளியிலும் நூலகத்திலும் இல்லத்திலும் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். "செய்ய ஆள் இல்லாமல் கிடக்கும் வேலை எது?" என்று கேளுங்கள். புத்தகத்துக்கு அட்டை போடுவதாக இருக்கலாம், வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதாக இருக்கலாம். அதைத் தவறாமல் இரண்டு மாதம் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்தது என்ன என்பதை அவர்களே கண்டுகொண்டு கேட்பார்கள். கேட்ட பிறகு சொல்லும் ஆலோசனைக்கு மரியாதை வேறு.

அளவு முக்கியம். தன்னார்வப் பணி முதியவர்களின் நலனுக்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்த்த பல ஆய்வுகளில், ஆண்டுக்குச் சுமார் 100 மணி நேரம் என்ற அளவு திரும்பத் திரும்ப வருகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான். அதற்கு மேல் செய்தால் நமக்குக் கிடைக்கும் நன்மையும் அதே வேகத்தில் கூடிக்கொண்டே போவதில்லை. எனவே இரண்டு மணி நேரத்தில் தொடங்கி, "ஆறு மாதம் வருகிறேன், பிறகு பேசுவோம்" என்று சொல்லிச் சேருங்கள். முடிவுத் தேதி இருந்தால் மனக்கசப்பில்லாமல் விலகவும் முடியும், மகிழ்ச்சியோடு தொடரவும் முடியும்.

7. வேலைத் தோழர்களின் இடத்தை நிரப்புங்கள்

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் போன் மணி குறையும். மனம் புண்பட வேண்டாம். அவர்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. நம்மை இணைத்தது அன்றாட வேலை, அது போனதும் பேச்சுக்கான சாக்கும் போய்விட்டது. அவர்களில் உண்மையாகவே பிடித்த இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, நீங்களே கூப்பிடுங்கள். "ஒருநாள் பார்ப்போம்" என்று விடாமல், மாதத்தில் எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள்.

ஹார்வர்டில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு ஒன்று, 724 ஆண்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. ஓய்வில் மிக மகிழ்ச்சியாக இருந்தவர்கள், வேலைத் தோழர்களின் இடத்துக்குப் புதிய தோழர்களை முயற்சி எடுத்துச் சேர்த்துக்கொண்டவர்கள்தான் என்று அதை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். முயற்சி எடுத்து என்பதைக் கவனியுங்கள். இளம் வயதில் ஒரே வகுப்பு, ஒரே அலுவலகம் என்று இடமே நட்பை உண்டாக்கியது. இப்போது நாம்தான் இடத்தை உண்டாக்க வேண்டும். உங்களைவிட இருபது வயது இளையவர் ஒருவராவது அதில் இருக்கட்டும். ஒரே வயதுக்காரர்கள் மட்டும் கூடினால் பேச்சு மெல்ல மருந்துக்கும் மறைவுக்கும் போய்விடும்.

8. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து குறையுங்கள்

இரண்டாம் படியில் எழுதிய ஐந்து கட்டங்களை மறுபடி எடுங்கள். எது நிரம்பியிருக்கிறது, எது இன்னும் காலி என்று பாருங்கள். காலியான ஒன்றுக்கு மட்டும் அடுத்த ஆறு வாரச் சோதனையைத் தொடங்குங்கள். ஐந்தும் நிரம்பியிருந்தால் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம்.

நோட்டில் இரண்டு வாரத்துக்கு மேலாக, கிட்டத்தட்ட தினமும், எதிலும் நாட்டமில்லை, தூக்கமில்லை அல்லது மனம் கனத்துக் கிடக்கிறது என்று எழுதியிருந்தால், இந்தப் படிகளை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. நோக்கம் கிடைத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

வயது ஏற ஏறச் செய்வதைக் குறைக்க வேண்டி வரும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் எண்பது வயதிலும் மேடையேறினார். எப்படி முடிகிறது என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்தை முதுமையை ஆராய்ந்த பால் பால்டெஸ் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்: குறைந்த எண்ணிக்கையிலான இசைப் படைப்புகளையே வாசித்தார், அவற்றை அதிகம் பயிற்சி செய்தார், வேகமான பகுதிக்கு முந்தைய பகுதியை வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார். மெதுவாகக் கேட்ட காதுக்கு அடுத்தது வேகமாகத் தெரிந்தது.

அதே போல, முழங்கால் வலிக்கத் தொடங்கினால் நான்கு இடத்துக்குப் போவதை ஒரே இடமாக்குங்கள், அந்த ஓர் இடத்துக்குத் தவறாமல் போங்கள். போக முடியாத நிலை வரும்போது போனில் பாடம் சொல்லித்தரலாம். விடுவதாக முடிவு செய்தால் ஒரு மாதம் முன்பே சொல்லி, உங்கள் இடத்துக்கு வருபவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிவிட்டு வாருங்கள். சக்கர நாற்காலி பழுது பார்க்கும் நம் நண்பர் இப்போது ஓர் இளைஞனைக் கூட வைத்திருக்கிறார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, தன் காதை விலக்கிக்கொண்டு, "கேள், எங்கே தட்டுகிறது?" என்று அவனிடம் கேட்கிறார்.